முப்பத்தெட்டு நிமிடம்

கயானி நகரத்தில் ஜனவரி.
காலை ஒன்பதரைக்கு மேல் வெளிச்சம் வரும்,
இரண்டரைக்குப் போய்விடும்.
இடைப்பட்ட நேரத்தில் யாரும் படம் பார்ப்பதில்லை.
மற்ற நேரமெல்லாம் பார்க்கிறார்கள்;
எதைப் பார்ப்பது என்று சொல்வது என் வேலை.

மாதம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நாற்பது சொல்.
வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று
பதினோரு வருடம் எழுதிவிட்டேன்.
‘மனதை வருடும்’ மட்டும் நூற்றுப் பத்து முறை;
ஆசிரியர் மர்கெத்தா எண்ணிச் சொன்னாள்.

டிசம்பரில் தொலைபேசி வந்தது.
தைஸ்தோ கெம்பாய்னென்,
நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
“மலைத்தொடர் ஒன்றுக்கு நாலு நட்சத்திரம் போட்டீர்களே,
மூன்றாம் பகுதியில் நாய் செத்துப்போகிறது.
ஏன் சொல்லவில்லை?”
கதையை உடைக்கக் கூடாதென்று, என்றேன்.
“நாய் உடைந்தால் பரவாயில்லையா?”

என்னிடம் பேச்சில்லை.
அவரே சொன்னார்:
அதிகாலை நாலு மணிக்கு முதல் சுற்று முடியும்.
அடுத்த சுற்றுக்கு முன் முப்பத்தெட்டு நிமிடம்.
டிப்போவில் காப்பி, கைப்பேசி, சுவரில் ஒரு ஹீட்டர்.
அவருக்குத் தெரியவேண்டியது மூன்றுதான்:
நாய் சாகுமா.
முடிவு உண்டா.
முப்பத்தெட்டுக்குள் அடங்குமா.

ஆகவே, வாசகர்களே, இந்த மாதம்:

கொரியத் தொடர். லிஃப்ட் பழுது பார்ப்பவனும்
பதினான்காம் மாடிக்காரியும்.
ஒரு பகுதி எழுபது நிமிடம்;
இரண்டு இரவுக்குப் பிட்டுக்கொள்ளலாம்.
நாய் இல்லை. பூனை உண்டு,
கடைசிவரை கொழுத்துத்தான் இருக்கிறது.

டென்மார்க்கிலிருந்து ஒரு கொலை.
பிணம் முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிடும்;
மீதி ஏழு மணிநேரம்
எல்லோரும் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்க்கிறார்கள்.
ஸ்வெட்டர்கள் அருமை.
போலீஸ் நாய் ஒன்று ஓய்வு பெறுகிறது.
ஓய்வு மட்டும்தான்.

விண்வெளி ஒன்று. கோடிக்கணக்கில் செலவு.
பாதிக் கிணறு தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள்;
ஆறு பேர் இன்னும் சனிக்கோளின் நிழலில் தொங்குகிறார்கள்,
கூட்டிவர அடுத்த சீசன் கிடையாது.
வேண்டாம்.

அர்ஜென்டினா படம். பாலங்களுக்குக் காப்பீடு விற்பவன்,
தான் மட்டும் படகில் போகிறவன்.
மனதை வருடாது,
கையைப் பிடித்து முறுக்கும்.
இரண்டு மணிநேரம், விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
நாயின் குரைப்பு மட்டும் கேட்கும், வெளியே, உயிரோடு.

ஐந்தாவது நம் நாட்டுத் தயாரிப்பு.
ஓவுலு பக்கம் ஒரு வீடு, அக்கா தங்கை, ஒரு உயில்.
வசனம் ஈர விறகு:
புகைகிறது, பற்றவில்லை.
ஒரு நட்சத்திரம்,
அதுவும் தலைப்பை எழுதியிருக்கும் அழகுக்கு.

வியாழன் இதழ் வந்தது.
சனி அதிகாலை நாலே முக்காலுக்கு ஒரு குரல் பதிவு,
பின்னால் ஹீட்டரின் முனகல்.
“அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்தேன். மூன்று தடவை.
இரண்டாம் பகுதி, இருபத்தோராம் நிமிடம்,
அக்கா அழுகிறாளே, அவள் ஜன்னலுக்கு வெளியே
ஒருவன் பனி வாருகிறான்.
முன்தகட்டைத் தப்பான கோணத்தில் இறக்கியிருக்கிறான்.
அப்படி வாரினால் அவள் வாசல் அடைபட்டுப்போகும்.
யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.”
காப்பி உறிஞ்சும் சத்தம்.
“நாய் இல்லை. முப்பத்தேழு நிமிடம். நன்றி.”

திரும்பப் போட்டேன்.
அக்கா அழுதாள்; நான் அவளைப் பார்க்கவில்லை.
கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் விளக்கொன்று சுழன்றபடி
போகிறது, நிற்கிறது, பின்வாங்குகிறது,
பனிமேடு அவள் கதவை நோக்கி வளர்கிறது.
வண்டிக்காரனின் பெயர்
கடைசியில் ஓடும் பட்டியலில் இல்லை;
நிறுத்தி நிறுத்தித் தேடிவிட்டேன்.

நட்சத்திரத்தை மாற்றவில்லை.
தொடர் மோசம்தான்.
பிப்ரவரிக்கு மட்டும் மர்கெத்தாவிடம்
கேட்டு வைத்திருக்கிறேன்,
நாற்பத்தைந்து சொல்.